கழனித் தொட்டியில் ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி

என் அக்காவின் போன் கழனித் தொட்டிக்குள் விழுந்தது ஒரு புதன்கிழமை காலை, பால் கறந்து முடித்த கையோடு. மாட்டுக்கு வைக்கிற தொட்டி அது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, ஊறிய பிண்ணாக்கு, முந்தின நாள் மிச்சம் என்று ஒரு வீட்டுச் சமையலறையே அதில் கரைந்து கிடக்கும். துழாவி எடுப்பதற்குள் மூன்று நிமிடமாகிவிட்டது. அதற்குள் மாடு போனை மூக்கால் ஒரு தரம் தள்ளிப் பார்த்து, நமக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டதாக அக்கா சொன்னாள். இந்த விவகாரத்தில் சரியான முடிவை எடுத்தது அந்த மாடு மட்டும்தான்.

கேரள எல்லைக்குள், பாலக்காட்டு மாவட்டத்து எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வரிசைத் தென்னை, அவ்வளவுதான் தூரம். முந்தானையில் போனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு முன்பாகவே பிண்ணாக்கு வாசம் வந்து சேர்ந்தது.

"தம்பி, இத எப்படியாச்சும் முழிக்க வெய்யி."

"பேசோணும்னா என்ற போன்ல பேசுக்கா."

"பேசறதுக்கில்லடா. கேக்கறதுக்கு." மூச்சு வாங்கினாள். "அம்மிணி அனுப்பிச்சிருக்கா."

அம்மிணி அவளுடைய ஒரே மகள். ஒன்றரை வருஷமாக எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. கோயமுத்தூருக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதன்பிறகு அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனி உன்ற கொரலு என்ற காதுல உழுகக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பிடிவாதத்தில் அம்மாவுக்குக் கொஞ்சமும் குறையாத பெண். அன்றைக்கே நம்பரை மாற்றினாள், இருந்த வீட்டையும் மாற்றினாள். கூட வேலை பார்த்தவர்களிடம் நாலைந்து மாதம் கழித்து நான் விசாரித்தபோது, பெங்களூரா ஓசூரா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் இதே போல ஒரு வசனம் சொல்லித் துரத்தியிருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை காலை தெரியாத நம்பரிலிருந்து அக்காவுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி. திரையில் வந்து நின்ற அறிவிப்பில் ஒரு மைக் படம், ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி என்ற கணக்கு, ஓரத்தில் கடுகளவு ஒரு முகம். அந்தக் கடுகளவில் அக்கா இவ்வளவும் பார்த்திருந்தாள்:

"அவதான்டா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. முடிய வெட்டிப்போட்டா."

"நம்பர் பாத்தியாக்கா?"

"எட்டுல ஆரம்பிச்சுது."

"அப்புறம்?"

"மூஞ்சியப் பாத்தனா, நம்பரப் பாத்தனா?"

உடனே அமுக்கிக் கேட்டிருக்கலாம். கையெல்லாம் பால். ஒன்றரை வருஷம் கழித்து வருகிற குரலைப் பால் கையோடு கேட்பதா என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கை கழுவ வாளியை எடுக்கக் குனிந்தாள். தொட்டி பக்கத்தில்தான் இருந்தது.

இனி என் பங்கு. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. படித்தவன் என்று ஊரில் பேர். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம். பூமி தோன்றியது முதல் பேரரசுகள் அழிந்தது வரை எதைக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவேன். ஈரமான போனைத் தொட்டதும் செய்யக்கூடாதவை என்று உலகமே ஒப்புக்கொண்ட காரியங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பொத்தானை அமுக்கி உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்தேன். இருந்தது. கம்பெனி பெயர் பளிச்சென்று வந்து ஒரு நொடி நின்றது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு "வந்துருச்சு, வந்துருச்சு" என்றாள். அந்த உற்சாகத்தில் இரண்டாவது காரியத்தையும் செய்தேன். சார்ஜரில் சொருகினேன். சோர்ந்து கிடப்பவருக்கு ஏதாவது கொடுத்தால் தெம்பு வரும் என்பது போன்ற ஒரு வைத்திய அறிவு. "சுர்" என்று ஒரு சத்தம், பிண்ணாக்கு கருகிய வாசம், அதோடு திரை அணைந்தது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அரிசிக்குள்ள போட்டு வெய்யுங்க, ஈரத்த இழுத்துரும்" என்றார். எந்த அரிசி என்பதில் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டில் ரேஷனில் வாங்கிய கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசியும் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற பொன்னியும் உண்டு.

"மட்ட அரிசி தடியா இருக்குதுங்க. பொன்னிதான் நல்லா இழுக்கும்" என்றார் அண்ணன்.

"புழுங்கலா, பச்சையாங்க?" என்று நான் நிஜமாகவே கேட்டேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது ஊறுனதே அரிசித் தண்ணியிலதான்டா. இன்னும் எத்தன அரிசி வேணுங்கறே?"

சித்தூருக்கு பஸ் ஏறினேன். நான் வேலை பார்க்கிற அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன மொபைல் கடை. கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடி, முன்னால் விளக்கு, பல் தேய்க்கிற பிரஷ், ஒரு குப்பியில் ஸ்பிரிட். அவர் பேசுவது மலையாளம், என் தமிழ் அவருக்குப் புரியும், அவர் மலையாளம் எனக்குப் புரியும். எனக்குப் புரியும் என்பது கொஞ்சம் அடக்கமான வாக்கியம். பஞ்சாயத்து நோட்டீஸ், கரண்ட் ஆபீஸ் கடிதம், கோர்ட் சம்மன் என்று மலையாளத்தில் எது வந்தாலும் எங்கள் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் எடுத்துக்கொண்டு வருவது என் வீட்டுக்குத்தான். இருபத்தேழு வருஷமாக ஒரு வார்த்தை பிசகாமல் படித்துச் சொல்லி வந்திருக்கிறேன்.

அவர் போனை வாங்கி, திருப்பி, மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்து பற்றி சாரே?"

"தண்ணியில விழுந்துருச்சுங்க."

"இது வெள்ளமல்லல்லோ. காடியல்லே?"

அங்கே வெள்ளம் என்றால் தண்ணீர், மாட்டுக் கழனிக்குக் காடி என்று பெயர். ஒப்புக்கொண்டேன்.

"சார்ஜிலிட்டோ?"

"இல்லீங்க" என்றேன். ஐம்பத்து மூன்று வயதில் சொல்கிற பொய்க்கு ஒரு தரம் வேண்டாமா? அவர் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஒரு கரும்புள்ளியை ஊசிமுனையால் தொட்டுக் காட்டினார். வாத்தியார் முன்னால் நிற்பது போல நின்றேன்.

அடுத்த கேள்விதான் முக்கியமான கேள்வி. "டேட்டா வேணோ, அதோ செட் மதியோ?" உள்ளே இருப்பதெல்லாம் வேண்டுமா, போன் வேலை செய்தால் போதுமா.

வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், ரீசார்ஜ் செய்ய வந்தவர், "அட, அக்கா போனுங்களா? என்னாச்சுங்க?" என்று எட்டிப் பார்த்தார். அவர் காதில் ஒன்று விழுந்தால் மாலைக்குள் வேலந்தாவளம் செக்போஸ்ட் வரை போய்ச் சேரும். ஓடிப்போன பெண் குரல் அனுப்பியிருக்கிறாள், அதை அம்மா இன்னும் கேட்கவில்லை என்று அவர் முன்னால் எப்படிச் சொல்ல?

"உள்ள சும்மா போட்டோதாங்க. இருந்தா நல்லது" என்றேன்.

"நோக்காம்" என்றார் கடைக்காரர்.

நோக்காம் என்றால் பார்க்கலாம், முயற்சி பண்ணலாம். மலையாளத்தில் இதைவிட மிருதுவாக மறுக்க முடியாது. அடுத்த எட்டு நாளும், ஞாயிறு தவிர, அலுவலகத்திலிருந்து தேநீர் வேளையில் தெருவைக் கடந்து போவேன். போர்டைக் கழுவியாயிற்று, நோக்காம். காயவைத்திருக்கிறது, நோக்காம். ஒரு சில்லு மாற்ற வேண்டும், பாலக்காட்டிலிருந்து வரணும், நோக்காம். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். நான் அந்த மலையாளத்தை அவளுக்குத் தமிழில் சொல்வேன். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் நம்பிக்கை சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

இதற்கிடையில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால் அனுப்பியவர் போனில் இரண்டு சாம்பல் நிற டிக் விழும். இந்தப் பக்கம் கேட்டால்தான் அது நிறம் மாறும் என்று விளக்கினேன்.

அக்கா வேலியோரம் நெருங்கி வந்தாள். "அப்ப அவ என்ன நெனப்பா?"

"என்ன நெனப்பா?"

"வந்து சேந்துச்சு, அம்மா வேணும்னே கேக்கலன்னு நெனப்பாளா இல்லியா?"

வேறு வழி தேடக் கிளம்பினேன்.

கடையில் கழற்றி வாங்கி வந்த அக்காவின் சிம்மை என் பழைய போனில் போட்டு வாட்ஸப்பை இறக்கிப் பார்த்தோம். அக்காவின் நம்பரில் எல்லாம் வந்தது, பழையது மட்டும் வரவில்லை. ஒருமுறை இறங்கிய செய்தி மறுபடி வராது. காப்புப் பிரதி ஏதாவது இருந்தால் உண்டு. அதுவும் இருந்தது. ஆனால் அக்காவுக்குப் போன் வாங்கிய காலத்தில் எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தது அம்மிணி. மெயில் முகவரி அவளுடையது, பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும் தெரிந்தது. அவள் குரல் அதில் இருக்கிறதா என்று பார்க்கக்கூட அவளிடமே அனுமதி வாங்க வேண்டும். ஆக, அந்த ஒரு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி உலகத்தில் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: சித்தூர்க் கடையில், பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்திருந்த அந்தப் பலகையில்.

ஒன்பதாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தேன். தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளம். போன் அடித்தது. கடைக்காரர்.

"சாரே, போர்ட் ஓணாயி!"

"ரொம்ப சந்தோஷமுங்க!"

"பக்ஷே லோகோவில் வந்நு நிக்குவா. முழுவன் க்ளீன் ஆக்கியாலே செட் கேறூ. ஆக்கட்டே?"

பலகைக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் கம்பெனி பெயர் காட்டிய இடத்திலேயே நிற்கிறது. முழுக்கச் சுத்தம் செய்தால்தான் மேலே ஏறும். செய்யட்டுமா என்று கேட்கிறார். மேளத்துக்கு நடுவே எனக்கு விழுந்தது இரண்டே சொல், க்ளீன், ஆக்கட்டே. முழுக்கக் கேட்டிருந்தாலும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் என்றுதான் நினைத்திருப்பேன். யோசித்துச் சொல்லலாம், மாலை நேரில் போய்ப் பேசலாம் என்ற எண்ணத்தில், "ஆகட்டுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து ஆகட்டுங்கவை வெளியாள் புரிந்துகொள்வது கஷ்டம். அது சரி என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்டு வருவார், ஆகட்டுங்க. கோயில் கமிட்டியில் சேரச் சொல்வார்கள், ஆகட்டுங்க. கேட்டவர் மனம் நோகாமல் எழுந்து போவார், நாமும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. என் வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அம்மிணி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "மாமா, அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் பேசுங்க மாமா. நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றாள். நான் ஆகட்டும் அம்மிணி என்றேன். அவளும் எங்கள் ஊர்ப் பெண் என்பதால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சித்தூர்க்காரருக்குத் தெரியாது. மலையாளத்தில் ஆகட்டே என்றால் அப்படியே ஆகட்டும், செய்துகொள் என்றுதான் பொருள். இருபத்தேழு வருஷம் இரண்டு மொழிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவன் சறுக்கி விழுந்தது ஒரு சம்மனிலோ தீர்ப்பிலோ இல்லை, இந்தச் சொல்லில்.

சாயங்காலம் போனபோது போனைத் துடைத்து, திரைக்குப் புது ஒட்டுக்கண்ணாடி கூட ஒட்டி வைத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நோக்கூ சாரே, புத்தன் செட்!" புத்தம்புதுப் போன் என்கிறார்.

அமுக்கினேன். திரை ஒளிர்ந்து, வணக்கம் என்றது. பிறகு நமஸ்காரம் என்றது. பிறகு தெரியாத மொழிகளில் எல்லாம் வரவேற்றது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பிறந்த குழந்தை போல இருந்தது. ஒன்றும் தெரியாது, யாரையும் தெரியாது.

"இதுக்குள்ள இருந்ததெல்லாம்?" என்றேன்.

"க்ளீன் ஆக்கியில்லே." சுத்தம் செய்தாயிற்றே என்கிறார்.

"எல்லாமேவா?"

அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "சாரல்லே பறஞ்ஞது, ஆகட்டேந்நு?"

ஆகட்டும் என்று சொன்னது நானேதான். கடையில் வேறு யாரும் இல்லை. அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அக்கா, மகள், பால் கை, எட்டில் ஆரம்பிக்கும் நம்பர். சொல்லி முடிக்கிறவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். டேட்டாவைத் தொடாமல் மேலே மட்டும் மென்பொருளை ஏற்றிப் பார்க்க ஒரு வழி இருந்தது, முடியுமோ முடியாதோ, பார்த்திருக்கலாம் என்றார். "ஒரு வாக்கு பறஞ்ஞிருந்நெங்கில்..." என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு முக்கால் மணி நேரம், பயனில்லை என்று தெரிந்தும், கம்ப்யூட்டரில் ஏதேதோ போட்டுப் பார்த்தார். அந்த மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை. சிம் கம்பெனியில் நம்பர் விவரம் கேட்கலாமா என்று கேட்டேன். அது வெறும் போன் அழைப்பு என்றால் கேட்டுப் பார்க்கலாம், இதற்கு வழியில்லை என்றார்.

பஸ்ஸில் அக்காவிடம் சொல்ல நாலைந்து வாக்கியங்கள் தயார் செய்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவளைப் பார்த்ததும் எல்லாம் போய், "போச்சுக்கா, என்னாலதான்" என்று மட்டும் வந்தது. நடந்ததைச் சொன்னேன். ஆகட்டுங்க என்ற சொல்லையும் சொன்னேன், அம்மிணியிடம் சொன்ன ஆகட்டும் உட்பட. திட்டுவாள் என்று நின்றேன். அவள் போனை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிண்ணாக்கு வாசம் போயிருந்தது.

"ஒரு நிமிசம் நாப்பத்தெட்டு நொடிக்கு என்னடா பேசிருப்பா?"

"நல்லதுதான்க்கா பேசிருப்பா."

"சண்டைன்னா இன்னும் நீளமா இருக்கும்" என்றாள், யோசித்து. "அவ என்னாட்டவே. சண்டைன்னா சுருக்கா முடிக்க மாட்டா."

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் நம்பர் நம்மிடம் இல்லை. ஆனால் அக்காவின் நம்பர் அவளிடம் இருக்கிறது. வாட்ஸப்பைத் திறந்து பார்த்தால் அக்காவின் புரொஃபைல் படம் தெரியும். அங்கே படத்துக்குப் பதிலாக ஒரு சேதி எழுதி வைக்கலாம். நான் உட்கார்ந்து உருக்கமாக நாலு வரி எழுதினேன். போன் நீரில் விழுந்த விவரம், கேட்க முடியாமல் போன விவரம், மன்னிப்பு எல்லாம் இருந்தது. போட்டுப் பார்த்தால், அது வட்டம். நாலு மூலையும் வெட்டுப்பட்டு, நடுவில் "ழுந்துவிட்டதால் கேட்" என்று மட்டும் நின்றது.

"கேக்கல, அப்படீன்னு மட்டும் போட்ரு" என்றாள் அக்கா.

"அக்கா, அது நீ கேக்க மாட்டேன்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

கடைசியில் அவளே ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் கரியால் எழுதினாள். அச்செழுத்து வேண்டாம், தன் கையெழுத்து அவளுக்குத் தெரியும் என்றாள். இரண்டு சொல், ஒன்றன்கீழ் ஒன்று: மறுக்கா சொல்லு. திரும்பவும் சொல் என்பதற்கு எங்கள் பேச்சு. வட்டத்துக்குள் சரியாக அடங்கியது.

"அவ இதப் பாத்தான்னா எனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. யாரு பாத்தாங்கன்னு காட்டாது."

"சரி" என்றாள்.

அன்றைக்கே பதில்கள் வர ஆரம்பித்தன. பால் சொசைட்டிக்காரர், மாட்டுத் தீவனம் வந்திருக்கிறது என்று போன வாரம் அனுப்பிய குரல் செய்தியை மறுபடி அனுப்பினார். பொள்ளாச்சிச் சின்னம்மா மகள் போன் செய்து, "என்னக்கா, என்னத்த மறுக்கா சொல்லோணும்? சீர் விசயமா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். மகளிர் குழுத் தலைவி, தான் சொன்னது புரியவில்லை என்று அக்கா குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொண்டு, கூட்டம் நடக்கும் நேரத்தை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திச் சொல்லி அனுப்பினார். சித்தூர்க் கடைக்காரர் கூட, செட் எங்ஙனே உண்டு சாரே, போன் எப்படியிருக்கிறது என்று எனக்கு ஒரு செய்தி போட்டார்.

நான்கு மாதமாகிறது. எட்டில் ஆரம்பிக்கிற நம்பர்கள் நிறைய வருகின்றன. ஒன்று வங்கிக் கார்டு விற்கிறது, ஒன்று தவறான எண், ஒன்றில் யாரோ வீட்டுக்காரியைத் தேடி ஹிந்தியில் குரல் செய்தி அனுப்புகிறார். படத்தை மாற்றலாமே என்று போன வாரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அக்கா கைபேசியைக் காதோடு வைத்து அந்த ஹிந்திக்காரரை, ஒரு வார்த்தையும் புரியாமல், கடைசி நொடி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.